மரிவிக்கின் முறை

செலீனுக்கு வலது தோள் அன்று காலை முற்றாகப் பூட்டிக்கொண்டுவிட்டது. தலை சீவக் கை காதுக்கு மேலே ஏறவில்லை. இடது கையால் சீப்பைப் பிடித்து, கழுத்தைச் சரித்து, ஒருபக்கமாக வாரிக் கிளிப் ஒன்றைக் குத்திக்கொண்டு மல்வேர்ன் பஸ்சுக்கு ஓடினாள். அந்த நோவு புதிதில்லை. பதினொரு வருடமாக ரோல்ஸ் சுற்றிவந்தாள். மாவுத் தோசையை விரித்து, கறியை வைத்து, இரண்டு பக்கமும் மடித்து, இறுக்கிச் சுற்றி, முட்டையில் தோய்த்து, தூளில் பிரட்டி அடுக்குவது. பிள்ளை விளையாட்டு மாதிரித் தெரியும். எட்டு மணித்தியாலம் நின்று செய்தால் கை தனக்குச் சொந்தமில்லாத சாமான் மாதிரித் தொங்கும்.

வேலை செய்த இடம் ஸ்காபரோவில், பழைய டயர் விற்கிற கடைக்குப் பின்னால் இருந்த ஒரு யூனிற், சின்னத் தொழிற்கூடம். வெளியே போர்ட் கிடையாது. உள்ளே மட்டன் ரோல்ஸ், மீன் பற்றிஸ், கட்லட். பிறந்தநாளானாலும் செத்தவீடானாலும் தேத்தண்ணியோடு தட்டில் வருகிற சாமானில் நல்ல பங்கு அங்கேயிருந்துதான் போனது. சாப்பிடுகிறவர்கள் ஒருநாள் உள்ளே வந்து பார்த்திருந்தால் தட்டைத் தள்ளி வைத்திருப்பார்கள். பழைய எண்ணெய் சுவரில் மஞ்சளாக வழிந்து காய்ந்திருக்கும். தரையில் இருந்த வடிகாலில் ஆட்டுக் கொழுப்பு உறைந்து, வெயில் காலத்தில் நாறும். முதலாளி பஸ்ரியனின் அறையில் மட்டும் நல்ல வாசம். அங்கே மாதா படத்துக்கு மின்குமிழ் மாலை போட்டு, கீழே ஊதுபத்தி கொளுத்தி வைத்திருப்பார்.

பொரிக்கிற தாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் தமிழ் ஆட்கள் நிற்கமாட்டார்கள். கை வெந்துபோகும், தலைமயிர் நாறும். அங்கே பிலிப்பீன்ஸ் பெண்கள் நின்றார்கள். அதில் ஒருத்தி மரிவிக். நாற்பது வயது இருக்கும். செலீனை 'ஆத்தெ' என்று கூப்பிடுவாள். அவர்களுடைய பாஷையில் அக்கா. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இங்கிலீஷ். அதைக் கொண்டே அவர்கள் ஊர், பிள்ளைகள், முதலாளியின் வயிறு எல்லாம் கதைத்துவிடுவார்கள்.

சம்பளம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை, காசாக. கொடுப்பது பஸ்ரியனின் மனைவி ஏஞ்சலா. சம்பளம் எண்ணுகிற மேசையிலேயே அவள் ஒரு சீட்டும் நடத்தினாள். இருபது பேர், மாதம் முந்நூறு, இருபது மாதம். மாதம் ஒருவருக்கு ஆறாயிரம். துண்டு குலுக்கி யாருக்கு எந்த மாதம் என்று எடுப்பது. ஏஞ்சலா சம்பளத்தை எண்ணும்போதே நூற்றைம்பதை ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்தைத்தான் கவருக்குள் வைப்பாள். எவரும் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை. சீட்டுக்குக் கையெழுத்துக் கேட்டால் முகத்தில் காறித் துப்பின மாதிரி. முதலாளியின் மனைவி, கோயிலில் வாசகம் வாசிக்கிறவள், அவளிடம் போய்க் கையெழுத்தா?

எங்கள் ஆட்கள் மட்டும் இருபது பேர் தேறவில்லை. ஏஞ்சலா செலீனைப் பிடித்தாள்.

"அந்தப் பிலிப்பீனோப் பெட்டையள் உன்னோடதானே சிரிச்சுக் கதைக்கிறாளவை. கேட்டுப் பார்."

செலீன் கேட்டாள். விளங்கப்படுத்தத் தொடங்கினதுமே மரிவிக் கையைத் தட்டிச் சிரித்தாள்.

"இது பலுவகான், ஆத்தெ. எங்கட ஊரிலயும் இதுதான். அம்மா இதாலதான் என்னைப் படிப்பிச்சவ."

இன்னும் ஐந்து பெண்களை அவளே சேர்த்தாள். தங்களுடைய ஃபோன் குறூப்பில், வெள்ளிக்கிழமை பலுவகான் தொடங்குகிறது, சம்பளத்தோடு வாருங்கள் என்று எழுதிப் போட்டாள். சம்பள நாளில் செலீன் ஏஞ்சலாவின் மேசைக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "சீட்டுக்கு வன் ஃபிஃப்ரி, மிச்சம் கவருக்குள்ள" என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது.

துண்டு குலுக்கியபோது மூன்றாவது மாதம் மரிவிக்குக்கு விழுந்தது. செலீனுக்குக் கடைசி.

மரிவிக்கின் தாய் பிலிப்பீன்ஸில், இலோயிலோவில் இருந்தாள். சூறாவளி கூரையைக் கொண்டுபோய், கிழவி தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். ஆறாயிரம் வந்தால் தகரமும் மரமும் வாங்கலாம். செலீனின் மகன் கீதன் அப்போதுதான் விட்பியில் வீடு வாங்க எழுதியிருந்தான். வீடு கைக்கு வருகிற நேரத்தில் வக்கீல் காசு, அந்த வரி, இந்த வரி என்று ஆறாயிரம் துண்டு விழுந்தது. செலீன் தாச்சிக்குப் பக்கத்தில் போய் நின்று மரிவிக்கிடம் கேட்டாள்.

"உன்ர முறையை எனக்குத் தா. நீ கடைசியை எடு. அம்மா கொஞ்சம் பொறுக்கமாட்டாவா?"

மரிவிக் தாச்சியில் கிடந்த ரோல்ஸ் எல்லாவற்றையும் கரண்டியால் ஒருமுறை புரட்டிப் போட்டாள். பிறகு, "ஓகே, ஆத்தெ" என்றாள். அவ்வளவுதான். கீதனுக்கு வீடு சரிவந்தது. மேல்மாடியில் மூன்று குளியலறை.

பன்னிரண்டாவது மாதக் கட்டுக்காசையும் எடுத்த பிறகு சீட்டு படுத்தது. ஏஞ்சலா, "காசு ஒரு இடத்தில இறுகிப்போச்சு, பொறுங்கோ" என்றாள். எந்த இடம் என்று எல்லாருக்கும் தெரியும். பஸ்ரியன் அந்த மாதம்தான் புது வான் எடுத்தார். அந்த மாதத்து ஆளோடு சேர்த்து, காசு கிடைக்காமல் ஒன்பது பேர் மிஞ்சியிருந்தார்கள். அதில் எங்கள் ஆட்கள் ஆறு பேருக்கும் சத்தமில்லாமல் வீட்டுக்குக் கவர் போனது. ஊருக்குள் கதை வரும் என்ற பயம். மிஞ்சின மூன்று பேரும் பிலிப்பீன்ஸ் பெண்கள். அவர்களுக்குப் பயப்பட என்ன இருக்கிறது? மரிவிக் மூன்று தடவை கேட்டாள். நாலாவது தடவை கேட்கப் போனபோது ஷிஃப்ட் எழுதுகிற பலகையில் அவளுடைய பெயர் இல்லை.

அவள் கட்டியது மூவாயிரத்து அறுநூறு. ஒரு சதம் திரும்பவில்லை. செலீனும் அதே தொகைதான் கட்டினாள். ஆனால் ஆறாயிரத்தை எடுத்திருந்தாள். மிச்சம் எட்டு மாதக் கட்டுக்காசு கட்டாமல் அவளிடமே நின்றது.

அதற்குப் பிறகு மரிவிக் அவளை ஆத்தெ என்று கூப்பிடவில்லை.

*

ஒரு சனிக்கிழமை மரிவிக் செலீனுக்கு ஃபோன் எடுத்தாள். ஒரு பிளாஸாவில் இருக்கிற கோப்பிக் கடைக்கு வரச் சொன்னாள். செலீன் போனபோது காசு கிடைக்காத மற்ற இரண்டு பெண்களும் இருந்தார்கள். அவர்களோடு பிரதீபா என்று ஒரு தமிழ்ப் பெட்டை. காசில்லாமல் சட்ட உதவி செய்கிற ஒரு கிளினிக்கில் வேலை. பிலிப்பீன்ஸ் ஆட்களுக்கு வேலைச் சட்டத்தை லேசாக விளங்கப்படுத்துகிற ஒரு தாள் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதினது விளங்குகிறதா என்று இவர்களிடம் சொல்லிப் பார்க்க வேண்டும், இவர்களுடைய வழக்கையும் பார்க்க வேண்டும் என்று வந்திருந்தாள்.

"அன்ரி, இருங்கோ. ஐ நோ, இட்ஸ் ஓக்வர்ட்," என்றாள். செலீன் கதிரையின் நுனியில் இருந்தாள்.

பிரதீபா இங்கிலீஷில் சொல்வாள், மரிவிக் தங்கள் பாஷையில் மற்ற இருவருக்கும் சொல்வாள், செலீனுக்கு விளங்காவிட்டால் பிரதீபா தமிழில் திருப்பிச் சொல்வாள். இப்படியே போனது.

"லேபர் மினிஸ்ட்ரிக்கு ஒரு க்ளெய்ம் போடலாம். கட்டணம் இல்ல, லோயர் தேவையில்ல. சம்பளம் தரவேண்டிய நாளில இருந்து ரெண்டு வருசத்துக்குள்ள போடவேணும். ஒஃபிசர் ஒராள் ரெண்டு பக்கத்தையும் கேட்டு முடிவு சொல்லுவார். இல்லாட்டி ஸ்மோல் க்ளெய்ம்ஸ் கோட்டுக்குப் போகலாம். ஆனா ஒரே காசை ரெண்டு இடத்திலயும் கேக்கேலாது. ஒண்டைத்தான் பிடிக்கலாம்."

மரிவிக் அதைச் சொன்னதும் மற்ற இருவரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"என்ன சொன்னனீ?" என்று செலீன் கேட்டாள்.

"ரெண்டு பெடியன் கேட்டு வந்தாலும் ஒருத்தனுக்குத்தான் கழுத்தை நீட்டலாம் எண்டு சொன்னன்."

"நான் அதை என்ர பேப்பர்ல போடப்போறன்," என்றாள் பிரதீபா.

இரண்டு பெண்களில் சின்னவள் மெதுவாக ஏதோ கேட்டாள். அவளுடைய வேலை அனுமதி முடிந்திருந்தது. பிரதீபா தலையை ஆட்டினாள். "சம்பளச் சட்டத்துக்கு உங்கட விசா பற்றிக் கவலை இல்ல. வேலை செய்தால் சம்பளம். காசாத் தந்தாலும் சம்பளம்தான்."

செலீனுக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. "நாங்கள் ஓம் எண்டுதானே பிள்ளை குடுத்தனாங்கள்? ஒருத்தரும் கழுத்தில கத்தி வைக்கேல்லையே."

"வாயால ஓம் எண்டது காணாது, அன்ரி. இவ்வளவு காசு வெட்டலாம் எண்டு எழுதி, வேலைக்காரர் கையெழுத்து வைச்சிருக்க வேணும். அது இல்லாம முதலாளி சம்பளத்தில கை வைக்கேலாது. சீட்டெண்டாலும் சரி, கோயிலுக்கெண்டாலும் சரி." பிரதீபா கோப்பையைத் தள்ளி வைத்தாள். "ஆனா எல்லாம் ஒரு கேள்வியில நிக்குது. காசு கைக்கு வந்தாப் பிறகு இவையள் தாங்களா எடுத்துக் குடுத்தவையோ, இல்லாட்டிக் கைக்கு வர முதலே ஏஞ்சலா அன்ரி எடுத்தவவோ? பேந்து குடுத்திருந்தா அது இவையளுக்கும் அவவுக்கும் இடையில. ஒஃபிசர் தொடமாட்டார். முதலே எடுத்திருந்தா அது சம்பளம். குடுக்கவேண்டியது கம்பெனி."

மேசையில் இருந்த மூன்று பெண்களும் செலீனைப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஏஞ்சலாவின் சம்பள மேசைக்குப் பக்கத்தில் நின்றவள் அவள் ஒருத்திதான்.

"பாத்ததைச் சொல்லச் சொல்லித்தான் கேக்கிறன்," என்றாள் மரிவிக். "வேற ஒண்டும் வேண்டாம்."

"என்ர வேலை?" என்றாள் செலீன்.

"சாட்சி சொன்னதுக்காக வேலையால நிப்பாட்டினா அதுவும் சட்டத்துக்கு விரோதம். அதுக்கும் க்ளெய்ம் போடலாம்," என்றாள் பிரதீபா.

"போட்டிட்டு? அது வருமட்டும் எங்கட வீட்டு மோர்கேஜ் ஆர் கட்டுறது? நீயோ?"

பிரதீபா தன் தாளைப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரிதான். ஆனால் மோர்கேஜ் பற்றி அவளுடைய தாளில் ஒரு வரியும் இல்லை.

*

கதை பஸ்ரியனின் காதுக்குப் போக நாலு நாள் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு பின்னேரம் அவர் செலீனின் வீட்டுக்கு வந்தார். தனியே வரவில்லை. செபக்கூட்டம் நடத்துகிற அமிர்தநாதரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு தட்டு, வெள்ளித் தாள் மூடி. ரோல்ஸ்.

செலீனின் புருசன் கிளிபோட் ட்ரக் ஓடிவிட்டு வந்து பனியனோடு இருந்தான். தாளை நீக்கிப் பார்த்தான்.

"இதை உருட்டினதே இவதானே அண்ணை. இஞ்ச திருப்பிக் கொண்டு வந்தனீங்கள். போன கிழமை இதுக்காக இவவின்ர தோளுக்கு நான் எண்ணெய் போட்டு உரஞ்சினனான்."

"உமக்கு எப்பவும் பகிடிதான் கிளிபோட்," என்று பஸ்ரியன் சிரித்தார். சிரிப்பு கண் வரை போகவில்லை.

அமிர்தநாதர் ஒரு ரோல்ஸை எடுத்து இரண்டு கடியில் முடித்தார். பிறகு, "ஒரு சின்னச் செபம் சொல்லித் தொடங்குவம்," என்று கண்ணை மூடினார். செலீனும் மூட வேண்டியிருந்தது. முழுக்க மூடவில்லை. அவருடைய கீழுதட்டில் எண்ணெய் மினுங்கியது. ஒரு தூள் மீசையில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆடியது. குடும்பம், ஒற்றுமை, மன்னிப்பு என்று அவர் சொல்லச் சொல்ல அந்தத் தூளும் தலையாட்டியது.

"பிள்ளை," என்றார் அமிர்தநாதர், செபம் முடிந்ததும். "எங்கட பிரச்சினையை எங்களுக்குள்ள பேசித் தீர்க்கவேணும். மினிஸ்ட்ரி அது இது எண்டு போனா எங்கட சனத்தின்ர பேர்தான் கெடும். பஸ்ரியன் எத்தினை குடும்பத்துக்குச் சோறு போட்டவர்?"

"அந்தப் பிள்ளையளின்ர காசைக் குடுத்தாப் பேந்து பிரச்சினையே இல்லையே, அங்கிள்."

"குடுப்பம்," என்றார் பஸ்ரியன். "ஆறுதலாக் குடுப்பம். ஆனா க்ளெய்மெண்டு வந்தாக் கம்பெனிக்குப் பிழை. நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்ல, செலீன். கேட்டால் ஒரு சொல்லுச் சொல்லும். கைக்குச் சம்பளம் வந்தாப் பிறகு அவையளாத்தான் சீட்டுக்குக் குடுத்தவை எண்டு. முதலோ பேந்தோ, காசு ஒண்டுதானே? உம்முடைய எட்டு மாதக் கட்டுக்காசு, ரெண்டாயிரத்து நானூறு. அதைப் பற்றி நானோ ஏஞ்சலாவோ இனிக் கதைக்கமாட்டம். வேலையும் இருக்கும். மணித்தியாலத்துக்கு ஒரு டொலர் கூட்டித் தாறன்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு வெட்கமும் இல்லை. சந்தையில் மீனுக்கு விலை சொல்வது போலச் சொன்னார். செலீன் தன் கையைப் பார்த்தாள். மடியில் செத்ததுபோலக் கிடந்தது.

"ஓம்," என்றாள்.

அவர்கள் போன பிறகு கிளிபோட் தட்டைக் குப்பைப் பைக்குள் கவிழ்த்தான். "இது என்னத்துக்கு இனி?" என்றான். செலீனின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு சொல்தானே, முதலோ பேந்தோ காசு ஒன்றுதானே என்று தனக்குத் தானே இரண்டு மூன்று நாள் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

*

ஒஃபிசரின் விசாரணை ஃபோனில்தான் நடந்தது. ஒரு வியாழக்கிழமை காலை. செலீன் குசினி மேசையில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருந்தாள். ஒஃபிசர் ஒரு ஆம்பிளை, அவசரமில்லாத குரல். மொழிபெயர்க்க இந்தியத் தமிழ் பேசுகிற ஒரு பெண். வேறு இடத்தில் பிரதீபாவும் மரிவிக்கும் மற்ற இருவரும். இன்னொரு இடத்தில் பஸ்ரியன்.

மரிவிக் முதலில் சொன்னாள். எத்தனை தடவை வெட்டினார்கள், எவ்வளவு, எங்கே வைத்து என்று சொன்னாள். ஒஃபிசர் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

பிறகு பஸ்ரியன்.

"சேர், எங்கட கம்பெனிக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சம்பளம் முழுசாக் கொடுத்தாச்சு. இது பிலிப்பீனோ ஆட்களின் வழக்கம். பலுவகான் என்று சொல்வார்கள். இந்த மரிவிக்தான் நடத்தினவ. மெசேஜ் இருக்கு, அவையின்ர குறூப்பில அவவே எழுதினது, அதில ஒருத்தி காட்டினவ. வெள்ளிக்கிழமை பலுவகான் தொடங்குகிறது, சம்பளத்தோடு வாருங்கள் என்று." அவர் அதை இங்கிலீஷில் நிதானமாக வாசித்தார். "காசை வாங்கினவவும் அவதான். இப்ப காசு துலைஞ்சவுடன எங்கட தலையில கட்டப் பாக்கிறா. வேலையால நிப்பாட்டினதும் அதுக்குத்தான். செலீன் என்ற தொழிலாளி அங்கே நின்றவ. அவவைக் கேளுங்கள். எல்லாம் அவவுக்குத் தெரியும்."

ஃபோனில் யாரோ ஒரு பெண் மூச்சை இழுத்துப் பிடித்த சத்தம் கேட்டது. மரிவிக் என்று செலீனுக்குத் தெரிந்தது. பலுவகான் என்ற சொல்லை மரிவிக்கின் வாயில் வரப்பண்ணியது யார் என்றும் தெரிந்தது. செலீன் கேட்டிருக்காவிட்டால் அவள் அந்த மெசேஜை எழுதியே இருக்கமாட்டாள்.

ஒரு சொல்லென்று கேட்டவர் ஒரு மனுசியைக் கள்ளியாக்கிப்போட்டார். அதை ஞாயிற்றுக்கிழமை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அமிர்தநாதர் அதற்கும் ஒரு செபம் சொல்லியிருப்பார்.

"அம்மா," என்றாள் மொழிபெயர்ப்பாளர். "அதிகாரி கேட்கிறார். பணம் அந்தப் பெண்களின் கைக்கு வந்த பிறகு அவர்களாகக் கொடுத்தார்களா? இல்லை, கைக்கு வருவதற்கு முன்பே யாராவது எடுத்தார்களா?"

செலீனுக்குத் தொண்டைக்குள் பழைய எண்ணெய் மேலே வந்தது போல இருந்தது. துப்ப வேண்டும் போல. சின்க் பக்கத்தில்தான் இருந்தது.

"முதலே எடுத்தவை," என்றாள்.

"யார் எடுத்தார்கள், அம்மா?"

"ஏஞ்சலா. முதலாளியின்ர பெண்சாதி. சம்பளம் எண்ணிற மேசையில வைச்சு. நூற்றைம்பதைத் தன்ர பக்கம் வைச்சிட்டு மிச்சத்தைத்தான் கவருக்குள்ள போடுவா."

"நீங்கள் நேரில் பார்த்தீர்களா?"

"நான்தான் பக்கத்தில நிண்டு அவையளைக் கூப்பிட்டனான். நான்தான் மரிவிக்கை இதுக்குள்ள கூட்டிக்கொண்டு வந்தனான். சீட்டுக் கதையைத் தொடக்கினது நான், தங்கட ஊரில இது பலுவகான் எண்டு மட்டும்தான் அவ சொன்னவ. நடத்தினது ஏஞ்சலா."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும் மட்டும் செலீன் நிற்கவில்லை. மறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் தொடர்ந்தாள்.

"இன்னொண்டும் இருக்கு. மூண்டாம் மாசம் மரிவிக்கின்ர முறை. அதை நான் வாங்கி எடுத்தனான். ஆறாயிரம். எழுதுங்கோ அதையும்."

"செலீன், உம்மைப் பற்றித் தெரியாமப் போச்சு," என்றார் பஸ்ரியன் தமிழில், மெதுவாக. ஒஃபிசர் அது என்னவென்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொல்லத்தான் செய்தாள்.

அன்று பின்னேரமே ஏஞ்சலாவின் மெசேஜ் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து வேலை குறைவு, வர வேண்டாம் என்று. கீழே இரண்டு கைகூப்பிய படம்.

*

ஒஃபிசரின் கட்டளை இலைதுளிர் காலத்தில் வந்தது. மூன்று பெண்களுக்கும் ஆளுக்கு மூவாயிரத்து அறுநூறு, கம்பெனி கொடுக்க வேண்டும். பஸ்ரியனுக்குப் பிடிக்காவிட்டால் முப்பது நாளைக்குள் மேலே போகலாம், ஆனால் அந்தக் காசை முதலில் கட்டிவைக்க வேண்டும் என்று பிரதீபா சொன்னாள். அவர் போகவில்லை. போகத் தேவையும் இருக்கவில்லை. கம்பெனியின் கணக்கில் காசே இல்லை. யூனிற்றைப் பூட்டி, தாச்சி, மெஷின், மாதா படம் எல்லாவற்றையும் இரண்டு கதவு தள்ளி இன்னொரு யூனிற்றுக்குள் ஏற்றிவிட்டார். புதுக் கம்பெனி ஏஞ்சலாவின் தம்பியின் பெயரில். அதே ரோல்ஸ், அதே நாற்றம்.

"டைரக்டரா இருந்தவரைத் தனிப்பட்ட முறையில பிடிக்க வழி இருக்கு, அன்ரி," என்றாள் பிரதீபா. "அதுக்கும் ஒஃபிசரிட்டக் கேட்டிருக்கிறம். பேந்து அறவிடுற ஆக்களிட்டப் போகும். வரும். எப்ப எண்டு மட்டும் நான் சொல்லமாட்டன்." செலீனை வேலையால் நிறுத்தியதற்கும் ஒரு க்ளெய்ம் போட்டிருந்தார்கள். அதுவும் வரிசையில் கிடந்தது.

அந்த வருடத் திருவிழாவில் பூசை முடிய, மதியச் சாப்பாட்டுச் செலவு பஸ்ரியன் குடும்பத்தினர் என்று மைக்கில் சொல்லி நன்றி கூறினார்கள். சனம் கை தட்டியது. கை தட்டினவர்களில் பாதிப் பேருக்குக் கதை தெரியும். செலீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அமிர்தநாதர் அவளைக் கண்டு தலையைத் திருப்பவில்லை. அன்பாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தட்டு எடுக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

இப்போது அவள் அலுவலகக் கட்டடங்களில் குப்பைத்தொட்டி வெறுமையாக்குகிறாள். பகுதிநேரம். தோளுக்கு அது கொஞ்சம் மேல். மோர்கேஜை கிளிபோட் இழுத்துப் பிடிக்கிறான். கீதனிடம் காசு கேட்டாள். "அம்மா, இந்த மாசம் கொஞ்சம் டைட்" என்றான். அவன் வீட்டுக்குப் புதுச் சோபா வந்திருந்தது.

மரிவிக் ஒருநாள் மல்வேர்னில் பஸ் தரிப்பில் காத்துக்கொண்டிருந்தாள். தற்செயலாக இல்லை. செலீன் வேலை முடிந்து இறங்குகிற நேரம் கேட்டு வந்திருந்தாள். இரண்டு பேரும் வாங்குப் பலகையில் இருந்தார்கள். மரிவிக் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை எடுத்திருந்தாள். கையில் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன.

"கட்டளை வந்ததுதானே," என்றாள் செலீன், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

"வந்தது. ஃபிரிஜ்ஜில ஒட்டியிருக்கிறன். அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினன். அதால மழை மறைக்குமோ எண்டு கேட்டா."

செலீன் சிரிக்கலாமா என்று பார்த்தாள். மரிவிக் சிரிக்கவில்லை.

"நீங்கள் உண்மையைச் சொன்னீங்கள். இல்லாட்டி நான் கள்ளி. அதுக்கு நன்றி," என்றாள் மரிவிக். "அது ஒரு பக்கம். இது வேற. நீங்கள் ஆறாயிரம் எடுத்தீங்கள். மூவாயிரத்து அறுநூறு கட்டினீங்கள். மிச்சக் காசை இப்ப ஆருக்குக் கட்டுறீங்கள்?"

"ஆருக்கும் இல்ல. சீட்டுத்தான் இல்லையே."

"சீட்டு இல்ல. என்ர முறை இருந்தது. அதுக்குள்ள இருந்துதான் எடுத்தீங்கள்."

"பஸ்ரியன் தரவேண்டியது…"

"பஸ்ரியன் தந்தா, நீங்கள் தாறதைத் திருப்பித் தாறன். சத்தியம். ஆனா அவரை அரசாங்கம் துரத்தட்டும். என்னால அவரைப் பிடிக்கேலாது. உங்களைப் பிடிக்கலாம். பஸ் நம்பர் தெரியும்."

அவள் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. கோபத்தோடு சொல்லியிருந்தால் செலீன் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பாள். உனக்காக வேலையை விட்டவள் நான் என்று சொல்லவும் நாக்கு எழும்பியது. சொன்னால் அது அமிர்தநாதர் பேசுகிற மாதிரி இருக்கும் என்று பட்டதும் விழுங்கிக்கொண்டாள்.

"தாறன்," என்றாள். "மாதம் மாதம் தாறன்."

"எப்ப இருந்து?"

செலீன் வீதியைப் பார்த்தாள். அடுத்த மாதம் காப்புறுதிக் காசு, அதற்கு அடுத்தது கிளிபோட்டின் ட்ரக் திருத்த வேலை. மரிவிக் மறுமொழிக்குக் காத்திருந்தாள். பஸ் வந்ததும் எழும்பி ஏறினாள். ஏறும்போது கையை ஆட்டவில்லை.

செலீன் மரிவிக்குக்குக் கொடுக்க வேண்டியது இரண்டாயிரத்து நானூறு டொலர். இன்றுவரை கொடுக்கவில்லை.